ரஜினி, சச்சின், அவித்த முட்டை

1960களின் ஜப்பானில் ஒரு சொலவடை ரொம்பப் பிரபலம். "கியோஜின், தாய்ஹோ, தமாகோயாகி". அந்தக் காலத்து ஜப்பானியப் பொடிசுகளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு இந்த மூன்றையும் சொல்லிவிடலாமாம்.

கியோஜின் என்பது டோக்கியோவின் யோமியூரி ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி. 1965 முதல் 1973 வரை தொடர்ந்து ஒன்பது வருடம் ஜப்பான் சாம்பியன். நம் ஊரில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஒன்பது ஐபிஎல் கோப்பையை வரிசையாகத் தூக்கினால் எப்படி இருக்கும், அப்படி. தாய்ஹோ சுமோ மல்யுத்த வீரர். 1961-ல், 21 வயதில் சுமோவின் உச்சப் பட்டமான யோகோசுனா ஆனார். மொத்தம் 32 பட்டங்கள். அந்தச் சாதனையை இன்னொருவர் (மங்கோலியாவில் பிறந்த ஹகுஹோ) தாண்ட 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை. அன்றைய ஜப்பான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய தாய்ஹோவின் அப்பா உக்ரைன்காரர். ஜயன்ட்ஸின் நட்சத்திரம் சதாஹாரு ஓவின் அப்பா சீனர். 'சுத்த ஜப்பானிய' ரசனையின் லட்சணம் இதுதான்.

மூன்றாவதாக வரும் தமாகோயாகி வெறும் முட்டை. சதுரமான ஒரு சட்டியில், லேசாக சர்க்கரை போட்டு அடித்த முட்டையை மெல்லிசாக ஊற்றி, சுருட்டி, பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு, மறுபடி ஊற்றி, மறுபடி சுருட்டி, கடைசியில் செங்கல் மாதிரி எடுப்பார்கள். பள்ளிக்கூட டிபன் பாக்ஸில் இரண்டு துண்டு இருந்தால் அன்றைக்குப் பையன் ராஜா. அனிமே பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும், டிபன் பாக்ஸைத் திறக்கும் காட்சி என்றாலே அந்த மஞ்சள் துண்டு எட்டிப் பார்க்கும். (சேலம், நாமக்கல் புரோட்டா கடைகளில் கலக்கி என்று ஒன்று உண்டு. முட்டையில் கொஞ்சம் சால்னாவும் மிளகும் கலந்து கல்லில் ஊற்றி, வேகும் முன்பே மடித்து, உள்ளே கொழகொழவென்று தட்டில் தள்ளுவார்கள். தமாகோயாகி நிதானம் என்றால் கலக்கி அவசரம். ருசியில் எது மேல் என்ற பஞ்சாயத்து இங்கே வேண்டாம்.)

ஒரு பேஸ்பால் அணியும் ஒரு மல்யுத்த வீரரும் இருக்கும் பட்டியலுக்குள் முட்டை எப்படி நுழைந்தது? விலையால்தான். போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் ஜப்பானில் முட்டை என்பது நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப்போகும் பொருள். கூண்டுக் கோழி வளர்ப்பு பரவியதும் அது சாதாரணக் குடும்பத்தின் சமையல்கட்டுக்கு வந்தது. வந்த பிறகு செய்த காரியம்தான் அதிசயம். சம்பளம் ஏறியது, அரிசி ஏறியது, ரயில் டிக்கெட் ஏறியது, முட்டை மட்டும் ஏறவில்லை. 1950களிலும் சரி, 2000களிலும் சரி, மொத்த விலை கிலோவுக்கு ஏறத்தாழ 200 யென்னைச் சுற்றியே நின்றது. ஜப்பானியர்கள் முட்டைக்கு ஒரு பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்: விலைவாசியின் முதல் மாணவன்.

நம் ஊருக்கு இப்படி ஒரு மூன்று பெயர்ப் பட்டியல் போட்டால்? தொண்ணூறுகளின் கடைசியில் சேலம், நாமக்கல் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்த ஒரு பையனுக்கு "ரஜினி, சச்சின், அவித்த முட்டை" என்று போடலாம். தப்பாகாது.

அதிலும் 1998-ஐ எடுத்துக்கொண்டால் மூன்றும் ஒரே வருடத்தில் அடிக்கின்றன. ஏப்ரல் 22, 24 தேதிகளில் ஷார்ஜாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக சச்சின் 143, 134. இரண்டாவது சதம் இறுதிப் போட்டியில், அதுவும் அவருடைய 25-வது பிறந்தநாளில். ஜூனில், இங்கே 1995 தீபாவளிக்கு வந்து ஓடி முடிந்த 'முத்து', டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஒரு தியேட்டரில் 'ஆடும் மகாராஜா' என்ற ஜப்பானியப் பெயரோடு ரிலீசாகி மாதக்கணக்கில் ஓடியது. அந்த ஜூலையில் தமிழ்நாட்டு சத்துணவில், இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றிருந்த முட்டை வாரம் ஒன்று ஆனது.

முதல் இரண்டைப் பற்றியும் எழுதாத ஆள் இல்லை. மூன்றாவதைப் பற்றி எழுதினவர்கள் குறைவு. அந்த முட்டை எங்கிருந்து வந்தது, அதற்கு யார் விலை வைத்தார்கள், உலகக் கோப்பை வரைக்கும் எப்படிப் போனது என்பது நாமக்கல்லின் சரித்திரம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், ஒரு ஊர் தன் சரக்குக்குத் தானே விலை சொல்ல முடியாமல் நாற்பது வருடம் பட்ட பாட்டின் சரித்திரமும் கூட.

முதலில் நிலம். நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997 ஜனவரி 1 அன்று. அதற்கு முன் சேலம் மாவட்டம்தான். காவிரி ஓரத்தில் மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் வெற்றிலை, வாழை, கரும்பு என்று பச்சையாக இருக்கும். ஆற்றை விட்டு உள்ளே வந்தால் கதை வேறு. மானாவாரி நிலக்கடலை, சோளம், ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும் கிணறு. மழை பொய்த்தால் அவ்வளவுதான். அதனால் அந்த வட்டாரத்து ஆட்கள் மண்ணை நம்பாத தொழில்களாகப் பார்த்துப் பிடித்தார்கள். நாமக்கல்லில் லாரி, லாரிக்கு பாடி கட்டுவது. சங்ககிரியில் லாரி. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி. தண்ணீர் இல்லாத ஊர்க்காரர்கள் இந்தியா முழுக்கப் போய்த் தண்ணீர் தோண்டிக் கொடுத்தார்கள் என்பது ஒரு தனிக் கட்டுரைக்கான மேட்டர்.

கோழியும் அந்த வரிசையில் வந்ததுதான். 1970களில் பண்ணைகள் பெருக ஆரம்பித்தன. வறண்ட காற்று விவசாயத்துக்குச் சாபம், ஆனால் கோழிக்கு வரம். ஈரப்பதம் குறைவு என்பதால் நோய் குறைவு. பக்கத்திலேயே லாரி. ராத்திரி ஏற்றினால் விடிவதற்குள் கேரளா. ஆரம்பத்தில் தரையில் உமியும் கடலைத் தோலும் பரப்பி அதன்மேல் வளர்க்கும் ஆழ்கூள முறை. பிறகு கூண்டு வந்தது. அதன்பின் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய நீள நீளமான ஷெட்டுகள். நாமக்கல்லிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் ஜன்னல் வழியாக அவை தெரியும். தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரியும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1985-ல் நாமக்கல்லுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்தது. கிட்டத்தட்ட ஒரு முழு ஊரே கோழி பாஷை பேச ஆரம்பித்தது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

ஒரு முட்டைக்கோழி பிறந்து 18 - 20 வாரத்தில் முட்டையிட ஆரம்பிக்கும். வருடத்துக்குச் சுமார் 300 முட்டை. தினமும் 100, 110 கிராம் தீவனம் தின்னும். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, இத்யாதி. மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்தத் தீவனம்தான். மில்காரர் மார்க்கெட் சரியில்லை என்றால் ஷிஃப்டைக் குறைப்பார். நெல் விவசாயி மூட்டையை அடுக்கிவைத்து இரண்டு மாதம் பொறுத்துப் பார்ப்பார். கோழிக்கு ஷிஃப்ட் கிடையாது. விலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தின்னும், முட்டையிடும். இட்ட முட்டை காத்திருக்காது. குளிர்பதனம் இல்லாமல் வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாள் தாண்டினாலே தரம் இறங்க ஆரம்பித்துவிடும். வணிகவியல் வகுப்பில் 'அழியும் பண்டம்' என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போகிற விஷயம் இது. அந்த ஒரு வார்த்தைக்குள் ஒரு பண்ணைக்காரரின் தூக்கம் முழுக்க அடங்கியிருக்கிறது. விற்றே ஆக வேண்டியவனுக்கு வாங்குகிறவன் சொல்வதுதான் விலை.

எழுபதுகளின் கடைசியில் நிலைமை இதுதான். நாமக்கல்லில் மட்டும் இல்லை, நாடு முழுக்க. வியாபாரிகள் வைத்ததே விலை. முட்டை அதிகமாகிவிட்டால் தீவனக் காசு கூடத் தேறாது. பண்ணைகள் மூடப்பட்டன. அப்போது புனேயைச் சேர்ந்த வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனர் பி.வி.ராவ் பண்ணையாளர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். அவருக்கு இதில் சுயநலம் இல்லையா என்றால், உண்டு. குஞ்சு விற்கிறவருக்குப் பண்ணை பிழைத்தால்தானே பிழைப்பு? ஆனால் விளைவு நல்லதாகவே முடிந்தது. 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது. சுருக்கமாக 'நெக்'. 'என் முட்டை, என் விலை, என் வாழ்க்கை' என்பதுதான் அதன் கோஷம். தங்கள் முட்டைக்கு விலையைப் பண்ணையாளர்களே அறிவிப்பார்கள். இன்றைக்கும் தினசரிகளில் ஒரு மூலையில் 'நாமக்கல் மண்டல முட்டை கொள்முதல் விலை' என்று 5 காசு ஏறினதும் 10 காசு இறங்கினதும் வருகிறதே, அது இந்தக் குழு அறிவிப்பதுதான்.

அறிவிப்பது ஒரு பக்கம், கைக்கு வருவது இன்னொரு பக்கம். 'மைனஸ்' என்ற சொல் நாமக்கல்லில் பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும். அறிவித்த விலையில் இவ்வளவு காசு மைனஸ் என்று வியாபாரி பேசித்தான் எடுப்பார். தேக்கம் இருந்தால் மைனஸ் கூடும். சங்கம் வைத்துக் குழு வைத்து என்ன செய்தாலும், காத்திருக்க முடியாத பண்டத்தின் விதி அந்த மைனஸில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதே 1982-ல், இதற்குக் கொஞ்சமும் சம்பந்தம் இல்லாமல், ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மதிய உணவு தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. 1920-ல் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி, 1956-ல் காமராஜர் என்று அதற்கு ஒரு நீளமான வம்சாவளி உண்டு. எம்.ஜி.ஆர். செய்தது அதைப் பிரம்மாண்டம் ஆக்கியது. இந்தச் செலவு ஆகாது, ஓட்டுக்காகச் செய்வது என்று அன்றைக்குப் பொருளாதாரம் படித்தவர்கள் நிறையப் பேர் கை நீட்டினார்கள். சாதமும் சாம்பாரும் ஓடிக்கொண்டிருந்தது. முட்டை அதில் இல்லை.

முட்டை சேர்ந்தது 1989-ல், கருணாநிதி ஆட்சியில். இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஏழு வருடம் தனித்தனியாக ஓடிய இரண்டு கதைகள் அன்றைக்கு ஒரு அலுமினியத் தட்டில் சந்தித்தன. அதன்பின் ஏறுமுகம்தான். 1998-ல் வாரம் ஒன்று, 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் பள்ளி நாளெல்லாம் ஒன்று, அதாவது வாரம் ஐந்து. 2013-ல் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்களும் மசாலா முட்டையும் அறிமுகமாயின. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரு கட்சி தொடங்கியதை அடுத்த கட்சி நிறுத்துவதே வழக்கமாகப் போன மாநிலத்தில், முட்டையின் எண்ணிக்கையில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. ஏற்றினார்கள், இறக்கவில்லை.

தட்டில் விழும் அந்த ஒரு முட்டைக்கு என்ன மதிப்பு என்பதைக் கொரியாக்காரர்கள் 2021-ல் உலகத்துக்கே காட்டினார்கள். 'ஸ்க்விட் கேம்' தொடரில் ஆளுக்கு ஒரு அவித்த முட்டை, ஒரு பாட்டில் சோடா என்று கொடுக்கும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? சிலர் இரண்டு முறை வரிசையில் நின்றுவிடுவார்கள், கடைசியில் நின்றவர்களுக்கு இருக்காது. அங்கிருந்துதான் கொலை ஆரம்பிக்கும். கொரியாவில் பழைய தலைமுறைக்கு அவித்த முட்டையும் சோடாவும் ரயில் பயணத்து ஞாபகம். அந்த இனிப்பான ஞாபகத்தை எடுத்து இயக்குநர் கத்தியாக்கிவிட்டார். நம் பள்ளிக்கூட வரிசையில் முட்டை ஒழுங்காக எண்ணி வரும், ஆயா கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு இரண்டாவது வாங்குவது அவ்வளவு லேசு இல்லை. அதற்கு மேலே அரசு முத்திரை வேறு. சத்துணவு முட்டை வெளிச்சந்தைக்குப் போய்விடக் கூடாது என்று ஓட்டின் மேலேயே முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். அப்படியும் ஓட்டல்களில் அந்த முத்திரை முட்டை அகப்பட்ட செய்திகள் வரத்தான் செய்கின்றன.

இனி 2006. பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல். இந்தியாவில் அதுதான் முதல் தடவை. நாமக்கல்லுக்கும் நவாப்பூருக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். தமிழ்நாட்டில் ஒரு கோழிக்குக்கூட அந்த நோய் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் வைரஸ் வராத ஊருக்கும் பயம் வந்துவிடும். வளைகுடா நாடுகள் இந்திய முட்டைக்குக் கதவைச் சாத்தின. உள்ளூரில் வீட்டு அம்மாக்களும் முட்டை வாங்குவதை நிறுத்தினார்கள். விலை உற்பத்திச் செலவுக்குக் கீழே இறங்கியது. கோழிகளோ எதுவும் அறியாமல் தினமும் இட்டுக்கொண்டே இருந்தன. மேடை போட்டு அமைச்சர்களும் பிரமுகர்களும் கோழி தின்று காட்டிய 'சிக்கன் மேளா'க்கள் நாடு முழுக்க நடந்தது அப்போதுதான்.

அந்த வருடம் மே மாதம் ஆட்சி மாறியது. ஜூலையில் சத்துணவு முட்டை ஒன்றிலிருந்து இரண்டாக ஏறியது. இதைப் பண்ணையாளர்களைக் காப்பாற்றச் செய்ததாகச் சொன்னால் மிகை. பிள்ளைகளுக்குச் சத்து என்பதுதான் சொன்ன காரணம். எதற்காகச் செய்தாலும் கணக்கு கணக்குதான். வெளிநாட்டுக்காரன் நின்றுவிட்டான், பக்கத்து வீட்டுக்காரனும் நின்றுவிட்டான், அப்போது வாரத்துக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டாகக் கேட்ட ஒரே வாடிக்கையாளர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. நாமக்கல்லின் சரித்திரத்தில் இந்த வருடத்துக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

இந்த வாடிக்கையாளரிடமும் குறை இல்லாமல் இல்லை. பிள்ளைக்கும் பண்ணைக்கும் நடுவே டெண்டர் இருக்கிறது. டெண்டர் எடுக்கும் பெரிய கைகளிடம்தான் சின்னப் பண்ணைக்காரர் விற்க வேண்டும். 2018 ஜூலையில் சத்துணவுக்கு முட்டை வழங்கி வந்த ஒரு நிறுவனத்தில் வருமான வரித் துறை சோதனை நடந்து ஒரு வாரம் தலைப்புச் செய்தியாக ஓடியது. நிலையான வாடிக்கையாளர் கிடைத்தால் அவருக்கு முன்னால் ஒரு நிலையான இடைத்தரகர் வந்து நாற்காலி போட்டு உட்காருவதும் நிலையானதுதான் போல :-)

சரி, உலகக் கோப்பைக்கு வருவோம்.

2022-ன் கடைசி மாதங்கள் நாமக்கல்லுக்கு ஒரு திருவிழா. நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை கத்தாரில் கால்பந்து உலகக் கோப்பை. 32 அணிகள், 64 ஆட்டங்கள். முப்பது லட்சம் பேர் இருக்கும் நாட்டுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விருந்தாளிகள். ஓட்டல்களில் காலைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு ஆம்லெட் என்றாலும் எத்தனை முட்டை? வழக்கமாக விற்கும் துருக்கி முட்டை விலை ஏறிவிட, கத்தார் வியாபாரிகள் நாமக்கல் பக்கம் திரும்பினார்கள். ஒரு 40 அடி குளிர்சாதனக் கன்டெய்னரில் சுமார் 4 லட்சத்து 72 ஆயிரம் முட்டை போகும். நாமக்கல்லிலிருந்து தூத்துக்குடி, அங்கிருந்து கப்பல். லுசைல் மைதானத்தில் மெஸ்ஸி கோப்பையை முத்தமிட்ட இரவில், கூட்டத்தில் இருந்த எத்தனை பேரின் வயிற்றில் நாமக்கல் இருந்தது என்று கணக்கெடுக்க முடியாது. நிச்சயம் சிலராவது இருந்திருப்பார்கள்.

அதே டிசம்பரில் மலேசியாவிலும் முட்டைப் பஞ்சம். காரணம் கோழி அல்ல, விலை. பிப்ரவரியில் தொடங்கிய உக்ரைன் போரால் மக்காச்சோளமும் சோயாவும் எகிறிவிட்டன. மலேசிய அரசோ முட்டைக்கு உச்ச விலை வைத்திருந்தது. கட்டுப்படியாகாமல் பண்ணைகள் உற்பத்தியைக் குறைத்தன, கடைகளில் தட்டு காலி. நாசி லெமாக்கின் ஓரத்தில் அரை முட்டை இல்லை என்றால் மலேசியருக்கு அது சாப்பாடே இல்லை. தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைகளில் ரொட்டி தெலூர், அதாவது முட்டை புரோட்டா, இல்லாமல் ராத்திரி கழியாது. நாமக்கல்லிலிருந்து முட்டை போனது. 2023 ஜனவரியில் மலேசிய வேளாண் அமைச்சர் நாமக்கல்லுக்கே நேரில் வந்து பண்ணையைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வருடம் இலங்கையும் இந்திய முட்டையை இறக்கியது, முதலில் பேக்கரிகளுக்காக.

ஜப்பானுக்கும் அந்தக் குளிர்காலம் மறக்க முடியாதது. பறவைக் காய்ச்சலில் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை அழித்தார்கள். 2023 ஏப்ரலில் டோக்கியோ மொத்த விலை கிலோ 350 யென்னைத் தொட்டது. விலைவாசியின் முதல் மாணவன் முதல் முறையாக ஃபெயில். ஓட்டல்கள் மெனுவிலிருந்து முட்டை அயிட்டங்களைத் தூக்கின. (தற்செயலாக 'முத்து'வுக்கும் அந்த டிசம்பர்தான் கெடு. ஜப்பானில் 24 வருடமாக அது வைத்திருந்த இந்தியப் பட வசூல் சாதனையை 2022 டிசம்பரில் 'ஆர்.ஆர்.ஆர்.' உடைத்தது.)

திருவிழா முடிந்தால் தேர் நிலைக்கு வந்துதானே ஆக வேண்டும். 2024-ல் கத்தார், 60 கிராமுக்குக் குறைந்த முட்டையைத் தரம் பிரித்துத் தள்ள ஆரம்பித்தது. நம் ஊர்க் கோழி வெப்பத்தில் வளரும் சின்ன உடம்புக் கோழி. அது இடுவது பெரும்பாலும் 50, 55 கிராம். வயதான கோழிதான் பெரிய முட்டை போடும். 60 கிராம் வேண்டும் என்றால் பண்ணையில் பாதிக் கோழிகள் தகுதி இழந்துவிடும். ஓமனோ இறக்குமதி அனுமதியையே நிறுத்தியது. அந்த டிசம்பரில் சோஹார் துறைமுகத்தில் நாமக்கல் முட்டைக் கன்டெய்னர்கள் தேங்கி நிற்கும் விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. உலகக் கோப்பை முடிந்து சரியாக இரண்டு வருடம்.

2025-ல் அமெரிக்கா. அங்கே பறவைக் காய்ச்சலால் மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலர் ஆனது. அந்த வருட நடுவில் நாமக்கல்லிலிருந்து சுமார் 1 கோடி முட்டை கப்பல் ஏறியது. பத்திரிகைகள் கொண்டாடின. ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அத்தோடு அந்தச் சங்கதி ஓய்ந்தது.

இந்த 1 கோடியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கீழே இன்னொரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் சுமார் 43 ஆயிரம் சத்துணவு மையங்கள். சாப்பிடும் பிள்ளைகள் 40 லட்சத்துக்கும் மேல். தலைக்கு வாரம் ஐந்து. ஒரு வாரத்துக்கு 2 கோடி முட்டை. கன்டெய்னரில் ஏற்றினால் 42 கன்டெய்னர், ஒவ்வொரு பள்ளி வாரமும். அமெரிக்காவுக்குப் போன 1 கோடி, நம் பிள்ளைகளுக்கு இரண்டரை நாள் மதியச் சாப்பாடு. அதற்கு 60 கிராம் நிபந்தனை இல்லை, சோஹார் இல்லை, வரி இல்லை. நாமக்கல் மண்டலத்தில் தினமும் 5 கோடிக்கு மேல் முட்டை உற்பத்தியாகிறது. மிச்சத்தைக் கேரளாவும், தமிழ்நாட்டுப் புரோட்டா கடைகளும், பெங்களூரும்தான் தின்று தீர்க்கின்றன. ஏற்றுமதி என்பது அதில் ஒரு சின்ன ஓரம். ஆனால் போட்டோ எடுக்க வரும்போது எல்லாரும் அந்த ஓரத்தில்தான் நிற்கிறார்கள்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு வருடத்துக்கு 180 முட்டை பரிந்துரைக்கிறது. ஜப்பானியர் 300க்கு மேல் சாப்பிடுகிறார். இந்தியாவில் தலைக்குக் கிடைப்பது 2023-24 கணக்கில் 103.

கொசுறு: நாமக்கல் ஷெட்டுகளில் இருக்கும் வெள்ளைக் கோழியின் பூர்வீகம் ஒயிட் லெகார்ன். ஊர்வாயில் லெகான் கோழி. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியதால் அந்தப் பெயர். லிவோர்னோவை ஆங்கிலேயர்கள் உச்சரித்த லட்சணம் அப்படி. இத்தாலியக் கோழிக்கு நாமக்கல்லில் வருடா வருடம் வரும் ஒரே கண்டம் புரட்டாசி மாதம். பெருமாளுக்காகப் பாதி ஊர் அசைவத்தை நிறுத்திவிடும், விலை இறங்கும், மைனஸ் ஏறும். பள்ளிக்கூடத்தில் மட்டும் புரட்டாசியிலும் முட்டை உண்டு.